சிறிய பெட்டிக்கு எந்தப் பவர் சப்ளை? கோலாலம்பூர் வெக்கையில் ஒரு தேர்வு

சொந்தமாகக் கணினி பூட்டுகிறவர்கள் பொதுவாகச் செயலியையும் கிராஃபிக்ஸ் கார்டையும் முதலில் முடிவு செய்துவிட்டு, கையில் மிச்சமிருக்கும் ரிங்கிட்டுக்கு எது கிடைக்கிறதோ அந்தப் பவர் சப்ளையை, அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பாகத்தை, கடைசியில் வாங்குகிறார்கள். மேசைக்கடியில் நிற்கும் பெரிய பெட்டியில் இந்த வரிசை பெரிதாகக் கெடுதல் செய்யாது. ஆனால் 10 லிட்டர், 12 லிட்டர் கொள்ளளவு உள்ள சிறிய பெட்டியில் பவர் சப்ளையின் அளவுதான் கார்டு எவ்வளவு நீளமாக இருக்கலாம், கேபிள் எந்தப் பக்கம் வளையலாம், வெப்பம் எந்த வழியாக வெளியேறும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. ஆகவே அதை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப அமைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

பினாங்கில் அனிமேஷன் படிக்கும் என் அக்கா மகளுக்காக அண்மையில் இப்படி ஒரு கணினியைப் பூட்ட வேண்டியிருந்தது. விடுமுறைக்கு விடுமுறை பட்டர்வொர்த்திலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை இடிஎஸ் ரயிலில் தோள்பையில் வைத்துக் கொண்டுவரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவள் விதித்த ஒரே நிபந்தனை. மடிக்கணினி வாங்கிக்கொள்ளலாமே என்று நான் சொன்னதற்கு, "ரெண்டு மணி நேரம் ரெண்டர் போட்டா அது சூட்டுல தூங்கிடும் மாமா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். ரெண்டர் என்பது அனிமேஷன் காட்சிகளைக் கணினி வரைந்து முடிக்கும் கனமான வேலை; அவள் சொன்னதில் தவறில்லை. அந்தத் தேர்வுக்காகத் திரட்டிய தகவல்களையும், எதைக் கொண்டேன், எதைத் தள்ளினேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அளவுகள். வழக்கமான ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும், பெரும்பாலும் 140 மி.மீ. ஆழமும் கொண்டது, கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1.8 லிட்டர் இடம். எஸ்எஃப்எக்ஸ் என்பது 125 மி.மீ. அகலம், 63.5 மி.மீ. உயரம், 100 மி.மீ. ஆழம்; அதாவது 0.8 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. அதையே 130 மி.மீ. ஆழத்துக்கு நீட்டினால் எஸ்எஃப்எக்ஸ்-எல். அலுவலகக் கணினிகளில் காணப்படும் டிஎஃப்எக்ஸ், 85 மி.மீ. அகலத்தில் 175 மி.மீ. நீளும் ஒல்லியான வடிவம். இவை எல்லாவற்றிலும் சிறியது ஃபிளெக்ஸ் ஏடிஎக்ஸ், 81.5 மி.மீ. அகலம், 40.5 மி.மீ. உயரம், 150 மி.மீ. நீளம், அரை லிட்டர்தான். இவற்றோடு சேரும் மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு, வியா நிறுவனம் 2001-இல் அறிமுகப்படுத்தியதிலிருந்து இன்றுவரை 170 மி.மீ. சதுரமாகவே இருக்கிறது. ஆகவே சிறிய பெட்டிகளுக்கு இடையிலான வேறுபாடு பெரும்பாலும் கார்டுக்கும் பவர் சப்ளைக்கும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதுதான்.

ஃபிளெக்ஸ் ஏடிஎக்ஸ்தான் பார்த்தவுடன் ஆசையைக் கிளப்புவது. நாலைந்து லிட்டர் பெட்டிக்குள் கிராஃபிக்ஸ் கார்டோடு கூடிய முழுக் கணினியை அடைக்க வேண்டும் என்றால் அதை விட்டால் வழியில்லை. 500 வாட், 600 வாட் வரைகூட அந்த வடிவத்தில் கிடைக்கிறது. சிக்கல் அதன் விசிறியில் இருக்கிறது. 40 மி.மீ. விசிறி ஒன்று போதிய காற்றைத் தள்ள வேண்டுமானால் மிக வேகமாகச் சுழன்றாக வேண்டும். அந்தக் கீச்சொலி, அடுத்த கட்டிலில் ஒருவர் தூங்கும் மாணவர் விடுதியில் நள்ளிரவு ரெண்டருக்குச் சற்றும் பொருந்தாது. ஆர்வலர்கள் சிலர் மூடியைக் கழற்றி உள்ளே நல்ல விசிறியை மாற்றிக்கொள்கிறார்கள். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உத்தரவாதம் போவது ஒருபுறம் இருக்கட்டும். இன்றைய பவர் சப்ளைகளின் உள்ளே உள்ள பெரிய மின்தேக்கி ஏறத்தாழ 400 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் நிற்பது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கலாம். அதைப் பாதுகாப்பாக இறக்கத் தெரியாதவர் மூடியைத் திறக்கவே கூடாது.

பழைய அலுவலகக் கணினிகளிலிருந்து பிரித்தெடுத்த டிஎஃப்எக்ஸ், ஃபிளெக்ஸ் வகைகள் இணையச் சந்தைகளில் மிக மலிவாக விற்கப்படுகின்றன. அவற்றில் பல, அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணைப்பிகளைக் கொண்டவை. கடையில் வாங்கும் மதர்போர்டில் பொருந்தாது. தள்ளிவிட்டேன்.

கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம் என்பவருக்கு வேறொரு நல்ல வழி உண்டு. செயலிக்குள்ளேயே உள்ள கிராஃபிக்ஸை வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கு, பாடம், படம் பார்ப்பது என்று பயன்படுத்துபவர், 65 வாட் வகைச் செயலி ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் மொத்தக் கணினியும் 120 வாட்டைத் தாண்டுவது அரிது. அப்போது மாற்றும் வேலையை மடிக்கணினிக்கு வருவது போன்ற வெளி அடாப்டரிடம் விட்டுவிட்டு, பெட்டிக்குள் மதர்போர்டின் 24 முனை இணைப்பிலேயே நேராகச் செருகப்படும் பிக்கோ வகைச் சிறு பலகையை மட்டும் வைக்கலாம். வெப்பத்தின் ஒரு பகுதி பெட்டிக்கு வெளியிலேயே தங்கிவிடுகிறது, விசிறி இல்லை, ஒலி இல்லை. இன்வின் சோப்பின் போன்ற பெட்டிகள் தமக்குரிய சிறிய பவர் சப்ளையுடனேயே வருவதும் இந்த வகைக் கணினிக்காகத்தான். என் அம்மாவின் மேசைக்கு ஒன்று தேவைப்பட்டால் யோசிக்காமல் இதைத்தான் செய்வேன். ஆனால் அக்கா மகளின் வேலைக்குக் கார்டு வேண்டும். ஆகவே எஸ்எஃப்எக்ஸ் என்று முடிவானது.

எஸ்எஃப்எக்ஸா, எஸ்எஃப்எக்ஸ்-எல்லா என்ற கேள்வியில் பலர் விசிறியை மட்டும் பார்க்கிறார்கள். எல் வகையில் 120 மி.மீ. விசிறி பொருந்தும், சாதாரண எஸ்எஃப்எக்ஸில் பெரும்பாலும் 92 மி.மீ.; பெரியது மெதுவாகச் சுழலும், ஆகவே அமைதி என்பது வாதம். அது ஓரளவு உண்மைதான் என்றாலும், அந்த 30 மி.மீ. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய மாட்யூலர் வகைகளில் அவை பவர் சப்ளையின் பின்முகத்தில் செருகப்படுகின்றன. செருகிய பிளாஸ்டிக் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பின் கம்பிகள் வளைந்து திரும்பச் சில சென்டிமீட்டர் தேவை. கார்டுக்குப் போகும் கனமான கேபிள் இன்னும் கொஞ்சம் கேட்கும். பெட்டியின் விவரத்தாளில் "எஸ்எஃப்எக்ஸ்-எல் பொருந்தும்" என்று போட்டிருப்பது உலோகக் கூடு பொருந்தும் என்பதற்கான உறுதி மட்டுமே. அதற்குப் பின் கம்பி திரும்ப இடம் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. ஃபிராக்டல் டெரா போன்ற 10 லிட்டர் அளவுப் பெட்டியில் அந்த 30 மி.மீ. கம்பிகளுக்குக் கிடைத்தால், பக்கத் தகட்டை முழங்கையால் அமுக்கி மூட வேண்டிய நிலை வராது. கூலர் மாஸ்டர் என்ஆர்200 போன்ற 18 லிட்டர்ப் பெட்டியில் இந்தக் கவலை குறைவு. ஆகவே பெட்டி சிறியதாகச் சிறியதாகச் சாதாரண எஸ்எஃப்எக்ஸ் பக்கமே சாய்கிறேன்.

அடுத்தது வாட் கணக்கு. கோலாலம்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் ஒரு கடையில் நின்று என்னென்ன பாகங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள், "அண்ணே, எண்ணூத்தம்பது எடுத்துக்குங்க, பிற்காலத்துக்கு ஆகும்" என்று தம்பி ஒருவர் ஒரு பெட்டியை எடுத்து வைத்துவிட்டார். பிற்காலம் என்பது நல்ல விற்பனைச் சொல். ஆனால் கூட்டிப் பார்த்தால் இதுதான் வருகிறது. ரைசன் 5 9600எக்ஸ் செயலியின் பெயரளவு 65 வாட். மதர்போர்டுச் சாக்கெட் வழியாக அது இழுக்கும் உச்சவரம்பு 88 வாட். ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு 250 வாட். மதர்போர்டு, நினைவகம், இரண்டு எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வாட் வைத்தாலும் மொத்தம் 390 வாட்டை ஒட்டித்தான் நிற்கும். அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 650 வாட்.

390 வாட்டுக்கு 450 வாட் போதாதா என்று கேட்கலாம். சராசரிக்குப் போதும், நொடிப்பொழுது எழும் உச்சங்களுக்குப் போதாது. இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகள் மைக்ரோநொடிக் கணக்கில் தம் பெயரளவைக் காட்டிலும் பெரிதும் கூடுதலாக இழுத்துவிட்டுத் திரும்புகின்றன. அந்த நேரத்தில் பவர் சப்ளையின் மிகைமின்னோட்டப் பாதுகாப்பு விழித்துக்கொண்டால் கணினி எந்த எச்சரிக்கையும் இன்றி அணைந்துவிடும். ரெண்டர் பாதியில் போய்விடும். 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை (பெயர் ஒன்றானாலும் இது மேலே சொன்ன வடிவ அளவைக் குறிப்பதன்று) இதற்காகவே, 450 வாட்டுக்கு மேற்பட்ட பவர் சப்ளைகள் தம் பெயரளவின் இரு மடங்கை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று வகுத்தது. ஆகவே வாட் எண்ணிக்கைக்கு இணையாக "ஏடிஎக்ஸ் 3.0" அல்லது "3.1" என்ற குறிப்பையும் தேடுகிறேன். பழைய விதிமுறைப்படி செய்த 850 வாட்டும் புதிய விதிமுறைப்படி செய்த 750 வாட்டும் ஒரே விலைக்கு வந்தால், பின்னதையே எடுப்பேன்.

எண்ணிக்கையை நம்புவதற்கு முன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படிப்பதும் அவசியம். அதில் +3.3, +5, +12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். இன்றைய கணினியில் செயலியும் கார்டும் ஏறத்தாழ முழுவதுமே 12 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. ஆகவே +12 கட்டத்தில் உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்க வேண்டும். 600 வாட் என்று பெயர் போட்ட நல்ல பவர் சப்ளையில் அந்தக் கட்டத்தில் 50 ஆம்பியர் இருக்கும். 50 பெருக்கல் 12, சரியாக 600. அதே கட்டத்தில் 28 ஆம்பியர் என்று போட்டுவிட்டு முன்பக்கம் கொட்டை எழுத்தில் 500 வாட் என்று அச்சடித்த பொருள்களும் சந்தையில் உலவுகின்றன. செயலிக்கும் கார்டுக்கும் அவை உண்மையில் தரக்கூடியது 336 வாட்தான். மீதி, இன்று அவ்வளவாகத் தேவைப்படாத சிறிய மின்னழுத்தங்களில் கூட்டிக் காட்டிய எண். பெயர் தெரியாத மலிவு எஸ்எஃப்எக்ஸ் ஒன்றின் படத்தைப் பார்த்தால் நான் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பது இந்த ஒரு கட்டத்தைத்தான். அட்டவணையே படத்தில் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.

இனி வெப்பம். இங்கேதான் ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் எழுதும் மதிப்புரைகள் நமக்கு முழுமையாகப் பொருந்தாமல் போகின்றன. மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்குத் தரப்படும் 80 பிளஸ் சான்றிதழுக்கான சோதனை 23 டிகிரி செல்சியஸை ஒட்டிய அறைவெப்பத்தில் நடத்தப்படுகிறது. செந்தூலில் குளிர்சாதனம் போடாத என் அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு 32 டிகிரி காட்டும். சிறிய பெட்டிக்குள், அதுவும் கார்டு சூடான காற்றைக் கக்கும் பக்கத்திலேயே பவர் சப்ளை இருந்தால், அது உள்ளிழுக்கும் காற்று 45 டிகிரியை எளிதில் தொட்டுவிடும். ஒரு பவர் சப்ளை தன் முழு வாட்டையும் எந்த வெப்பநிலை வரை தொடர்ந்து தரும் என்பதை நல்ல தயாரிப்பாளர்கள் விவரத்தாளில் தெரிவிப்பார்கள். சிலவற்றில் 50 டிகிரி, சிலவற்றில் 40 டிகிரி. 40 என்று போட்டிருப்பது இங்கே நடைமுறையில் "முழு வாட்டை எதிர்பார்க்காதே" என்பதற்குச் சமம். நான் 50 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. சைப்ரஸிலிருந்து இயங்கும் சைபனெட்டிக்ஸ் என்ற சோதனைக் கூடம் 30 டிகிரியை ஒட்டிய சூழலில் அளப்பதும், ஒலிக்கெனத் தனித் தரவரிசை கொடுப்பதும் நமக்கு நெருக்கமான தகவலாக இருக்கின்றன; ஒலியைப் பொறுத்தவரை 80 பிளஸ் சான்றிதழ் எதுவுமே சொல்வதில்லை.

அந்தச் சான்றிதழின் தங்கம், வெண்கலம் என்ற பட்டங்களை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடவும் முடியாது. 390 வாட் சுமையில் 90 விழுக்காட்டுத் திறன் உள்ள ஒன்று சுவரிலிருந்து 433 வாட் இழுத்து 43 வாட்டை வெப்பமாக வீணாக்குகிறது. 82 விழுக்காட்டுத் திறன் உள்ளது 476 வாட் இழுத்து 86 வாட்டை வெப்பமாக்குகிறது. மின் கட்டணத்தில் இது பெரிய தொகையன்று. நாளுக்கு நான்கு மணி நேரம் முழுச்சுமை என்று வைத்தால்கூட ஆண்டுக்கு அறுபத்துச் சொச்சம் கிலோவாட்-மணிதான் வேறுபாடு. ஆனால் 0.8 லிட்டர் உலோகக் கூட்டுக்குள் இரு மடங்கு வெப்பம் என்பது பெரிய விஷயம். அதை வெளியேற்ற விசிறி கூடுதலாகச் சுழலும், மின்தேக்கிகள் விரைவில் முதுமையடையும், பெட்டிக்குள் இருக்கும் எஸ்எஸ்டிக்கும் அந்தச் சூடு போய்ச் சேரும். சிறிய கணினியில் தங்கப் பட்டத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இதற்கான பணம்தான். நம்முடைய 230 வோல்ட் மின்சாரத்தில், 115 வோல்ட்டில் அளந்த எண்களைவிடத் திறன் சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்பது ஓர் ஆறுதல்.

750 வாட் என்று நான் நின்றதற்கும் காரணம் இதுவே. 390 வாட் என்பது 750-இல் ஏறத்தாழ பாதி. பெரும்பாலான பவர் சப்ளைகள் உச்சத் திறனை எட்டுவது பாதிச் சுமையை ஒட்டித்தான். விசிறியும் அந்த நிலையில் நிதானமாகவே சுழல்கிறது. கூடுதல் வாட் வாங்குவது எதிர்காலக் கார்டுக்காக என்று கடைக்காரர் சொல்வார். இந்த ஊர் வெப்பத்தில் அது அமைதிக்காக என்று நான் சொல்வேன். அதே நேரத்தில் 1000 வாட் வரை போவதில் பொருளில்லை. கணினி பெரும்பாலான நேரம் உலாவியும் எழுத்துமாக 60, 70 வாட்டில்தான் கிடக்கும். அவ்வளவு குறைந்த சுமையில் பெரிய பவர் சப்ளையின் திறன் இறங்கிவிடுகிறது.

ஈரப்பதத்தைப் பற்றி மதிப்புரைகளில் அநேகமாக ஒரு வரிகூட இருக்காது. 2020-இல் கோர்செயர் நிறுவனம் தன் எஸ்எஃப் வரிசையில் குறிப்பிட்ட காலத்தில் தயாரான சில தொகுதிகள், உயர் வெப்பமும் உயர் ஈரப்பதமும் ஒன்றுசேரும் சூழலில் பழுதடையலாம் என்று தானாகவே அறிவித்து மாற்றிக் கொடுத்தது. வெறும் வெப்பமோ வெறும் ஈரமோ சிக்கலில்லை, இரண்டும் சேர்ந்தால்தான் என்று படித்தபோது அது நம் ஊரின் வானிலை அறிக்கையைப் போலவே இருந்தது. அந்த வரிசையை நான் இன்றும் நல்ல வரிசை என்றே மதிக்கிறேன்; குறையை ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்த நிறுவனத்தை நம்பலாம். ஆனால் பழைய பொருள் வாங்குகிறவர்கள் அந்தக் காலத்துத் தொகுதி எண்ணைச் சரிபார்க்காமல் வாங்க வேண்டாம்.

இதிலிருந்து இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். இரவு முழுவதும் குளிர்சாதனத்தை 20 டிகிரியில் ஓடவிட்டு, காலையில் அதை அணைத்துச் சன்னலை அகலத் திறந்து வைக்கும் வீடுகள் ஏராளம். குளிர்ந்து கிடக்கும் உலோகத்தின் மீது வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று பட்டால், குளிர்பானக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல நீர் படியும். கணினி அப்போது ஓடிக்கொண்டிருந்தால் அதன் சொந்தச் சூடே காப்பாற்றிவிடும். அணைந்து கிடந்தால், உடனே பொத்தானை அமுக்காமல் அறையின் வெப்பத்துக்கு அதுவும் வரும்வரை விட்டுவைப்பது நல்லது. அக்கா மகள் குளிரூட்டிய ரயிலிலிருந்து இறங்கி நேரே வீட்டில் வந்து மாட்டும்போதும் இதே கதைதான்.

குறைந்த சுமையில் விசிறியை முழுவதுமாக நிறுத்திவிடும் வசதி இப்போது பெரும்பாலான எஸ்எஃப்எக்ஸ்களில் உண்டு. குளிர்நாட்டில் அது வரம். இங்கே எனக்கு அதில் முழு மனதில்லை. விசிறி நின்றிருக்கும் நேரத்தில் கார்டின் சூடு பவர் சப்ளைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பிறகு விசிறி திடீரென்று எழுந்து ஓடி, மறுபடி நின்று, மறுபடி எழுகிறது. ஒரே சீராக மெதுவாகச் சுழலும் விசிறியின் ஒலியைக் காது மறந்துவிடும். நின்று நின்று எழும் ஒலியை மறக்காது. அந்த வசதியை அணைக்கப் பொத்தான் வைத்திருக்கும் மாதிரி கிடைத்தால் அதற்கே என் ஓட்டு.

விசிறியின் முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் விதி எளிது: துளையிட்ட தகட்டின் வழியாக வெளிக்காற்றை நேராக இழுக்க முடிந்தால் அந்தப் பக்கம். அந்தத் துளைகளுக்கு மேல் மெல்லிய வலை வடிகட்டி ஒன்று அவசியம். தூசு மட்டும் காரணமன்று. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீட்டில், புகைமூட்டக் காலத்தில் சன்னல் திறந்திருக்கும் வீட்டில், அந்தப் புகையின் பிசுக்கு விசிறி இதழ்களில் படிந்து, அதன் மேல் தூசு ஒட்டிக் கெட்டியாகிவிடுகிறது. இன்னொரு காரணம் பல்லி. சூடான, இருட்டான, எறும்பு வந்துபோகும் இடம் அதற்குச் சொர்க்கம். ஆனால் உயர் மின்னழுத்தப் பகுதியில் அது குறுக்கே படுத்தால் அதன் கதையும் பவர் சப்ளையின் கதையும் ஒன்றாக முடியும். பழுது பார்க்கும் கடைக்காரர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார்கள்.

கேபிள் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். மாட்யூலர் கேபிளின் கணினிப் பக்கத்து முனை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்கத்து முனையின் கம்பி வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளை ஒரே நிறுவனத்தின் மாதிரிக்கு மாதிரி மாறும். பழைய பெட்டியில் கிடந்த கேபிள் அழகாகச் செருகிக்கொள்கிறது என்பதற்காகப் பயன்படுத்தினால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போய், எஸ்எஸ்டி ஒரே நொடியில் செத்துவிடும். நீளம் சரியில்லை என்று தனியாகக் கேபிள் செய்யச் சொல்கிறவர்கள் மாதிரியின் முழுப் பெயரைக் கொடுத்தே செய்யச் சொல்ல வேண்டும். இரண்டாவது, கார்டுக்குப் போகும் 16 முனை இணைப்பு. 2022 இறுதியில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் உருகிய இணைப்பிகளின் படங்கள் வந்த பிறகு, கேபிள் செருகப்பட்டதைக் கார்டுக்குத் தெரிவிக்கும் உணர்முனைகளைக் குட்டையாக்கி 12வி-2x6 என்ற திருத்திய வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். முழுமையாகச் செருகாவிட்டால் கார்டு மின்சாரம் எடுக்கத் தொடங்காது என்பது அதன் நோக்கம். 250 வாட் கார்டில் ஆபத்து குறைவுதான். ஆனாலும் சிறிய பெட்டியில் பக்கத் தகடு இந்தக் கேபிளின் மேல்தான் வந்து அமுக்கும். இணைப்பியிலிருந்து முதல் 35 மி.மீ. வரை கம்பி நேராக இருக்க வேண்டும், அதன் பிறகே வளையலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் கார்டையே தேர்ந்தெடுத்தேன். இணைப்பி மேல்விளிம்பில் உயரமாக நிற்கும் அகலமான கார்டு ஒன்று அதனால்தான் பட்டியலிலிருந்து வெளியேறியது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பவர் சப்ளையோடு இரண்டு முனை அல்லது வேறு வடிவப் பிளக் வந்தால், நம்மவர்கள் செய்வது ஊரறிந்த விஷயம்: மேல் துளையில் பேனா மூடியைக் குத்தி உள்மறைப்பைத் திறந்து, இரண்டு முனையை அமுக்கிச் செருகிவிடுவார்கள். கைப்பேசிச் சார்ஜருக்கே அது நல்லதில்லை. கணினிக்குச் செய்யவே கூடாது. பவர் சப்ளையின் நுழைவாயிலில் மின்னிரைச்சலை அடக்கும் மின்தேக்கிகள் இரு கம்பிகளிலிருந்தும் உலோகக் கூட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கும். நிலக்கம்பி (எர்த்) இல்லாதபோது கூடு ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டு அலுமினியப் பெட்டியின் மேல் விரலை ஓட்டினால் சுரசுரவென்று ஓர் அதிர்வு தெரியும். அது "லேசான கரண்ட்" என்று சிரித்துவிட்டுப் போகக் கூடியதன்று. நிலக்கம்பி வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறி. மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை உள்ள மூன்று முனைப் பிளக்கோடு கூடிய கேபிளைச் சில ரிங்கிட் கொடுத்து வாங்கிவிடலாம். உள்ளே 13 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் 5 ஆம்பியராக மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கணினி முழுச்சுமையில் இழுப்பதே 2 ஆம்பியருக்குக் கீழ்தான்.

பிற்பகல் இடியும் மழையும் கோலாலம்பூர் இருக்கும் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் பழக்கமானவை. விளக்கு ஒரு முறை மினுக்கிவிட்டுத் திரும்பி எரிவதும் பழக்கமானது. அந்த மினுக்கலில் கணினி தொடர்ந்து ஓடுவதா, அணைவதா என்பதைத் தீர்மானிப்பது உள்ளே உள்ள பெரிய மின்தேக்கி. விதிமுறைகள் கேட்பது, மின்சாரம் அறுந்த பிறகும் 80 விழுக்காட்டுச் சுமையில் ஏறத்தாழ 17 மில்லிநொடி தாங்க வேண்டும் என்பது. இடநெருக்கடியால் சிறிய பவர் சப்ளைகள் சிலவற்றில் மின்தேக்கியின் அளவைக் குறைத்துவிடுவதால் இந்த எண் சுருங்கிவிடுகிறது. விரிவான சோதனை அறிக்கைகளில் இதைத் தேடிப் பார்க்கலாம். பாதிச் சுமையில் ஓடும் 750 வாட்டுக்கு இதிலும் ஆதாயம் உண்டு. மின்சாரம் போனால் பேட்டரியிலிருந்து தரும் யுபிஎஸ் வைத்திருப்பவர்கள், அது தூய சைன் அலையைத் தருகிறதா என்று பார்ப்பது நல்லது. படிக்கட்டு வடிவ அலையைத் தரும் மலிவு யுபிஎஸ்களோடு சில பவர் சப்ளைகள் ஒத்துப்போகாமல் அணைந்துவிடுகின்றன. பலத்த இடியின்போது பிளக்கைப் பிடுங்கி வைப்பதற்கு எந்தக் கருவியும் ஈடில்லை.

எங்கே வாங்குவது என்பதில் எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு. மற்ற பாகங்களை எங்கு மலிவோ அங்கு வாங்கலாம். பவர் சப்ளையை மட்டும் மலேசிய முகவரின் உத்தரவாதத்தோடு, லோயாட்டிலோ, பினாங்கில் பிராங்கின் மாலிலோ, அல்லது அதே முகவரின் இணையக் கடையிலோ வாங்குவது மேல். ஏழு ஆண்டு, பத்து ஆண்டு உத்தரவாதம் என்பது பொருளைத் திருப்பி அனுப்ப முகவரி பக்கத்தில் இருந்தால்தான் மதிப்புள்ளது. 2024 சனவரி முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட வெளிநாட்டு இணைய வாங்கலுக்கும் 10 விழுக்காட்டு விற்பனை வரி வந்துவிட்டதால், வெளியிலிருந்து வரவழைப்பதில் இருந்த விலை ஆதாயமும் கரைந்துவிட்டது.

கடைசியாக நான் எடுத்தது 750 வாட், தங்கப் பட்டம், ஏடிஎக்ஸ் 3.1, 50 டிகிரி மதிப்பீடு, சாதாரண எஸ்எஃப்எக்ஸ் நீளம். பெட்டியை மூடுவதற்கு முன் அட்டவணையும் வரிசை எண்ணும் ஒட்டியிருந்த பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, ரசீதின் படத்தோடு சேர்த்து அக்கா மகளுக்கு அனுப்பினேன். சிறிய பெட்டிகளில் அந்தப் பக்கம் பெரும்பாலும் உள்நோக்கித் திரும்பிவிடுகிறது. உத்தரவாதம் கேட்கும் நாளில் அந்த எண்ணைப் படிக்க முழுக் கணினியையும் பிரிக்க வேண்டியிருக்கும்.